பேஸ் கிட்டாரிலும் டபுள் பேஸிலும் எழும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பேஸ் கிட்டாரும் டபுள் பேஸும் வழக்கமாக ஒரே நான்கு சுரங்களுக்கே சுருதி சேர்க்கப்படுகின்றன. இரண்டிலும் தடித்த இ தந்தி 41.2 ஹெர்ட்ஸிலும், மெல்லிய ஜி தந்தி 98 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். ஆனால் முன்னதன் ஒலி, தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் காந்தப் பிக்அப்பை நம்பியிருக்கிறது. பின்னதன் ஒலி உள்ளே வெறுமையான பெரிய மரப்பெட்டியின் அதிர்வை நம்பியிருக்கிறது. எனவே "கரகரக்கிறது", "சுரம் நிற்கவில்லை", "கை வலிக்கிறது" என்று இருவகை வாசிப்பாளர்களும் ஒரே சொற்களில் முறையிட்டாலும் காரணம் ஒளிந்திருக்கும் இடம் வேறாக இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் கையைச் சோதிக்க வேண்டும். பிறகு தந்தியை, அதன்பின் செட்டப்பை (கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம் போன்ற அமைப்புகளை), கடைசியாக மின்பகுதியைச் சோதிக்க வேண்டும். செலவில்லாமல் சோதிக்கக்கூடியது முதலில் வரட்டும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். புதிய பிக்அப் வாங்கியும் தீராத குறை, விரலை ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிக்கு) சற்று அருகில் நகர்த்தியதும் தீர்ந்துபோவது அரிதல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். திருகைத் தொடுவதற்கு முன் அது இருந்த நிலையைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வேறொருவரை அதே கருவியில் அதே சுரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பது, கோளாறு கையில் இருக்கிறதா கருவியில் இருக்கிறதா என்பதை ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடும்.

பேஸ் கிட்டார்: தந்தி ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கிறது

முதலில் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக அந்தக் கரகரப்பு கேட்கிறதா என்று பாருங்கள். கருவியை இணைக்காமல் வாசிக்கும்போது மட்டும் கேட்கும் மெல்லிய உரசல், தந்திகள் தாழ்வாக வைக்கப்பட்ட கருவிகளில் இயல்பானது; அதை முற்றிலும் ஒழிக்க முற்பட்டால் தந்திகள் வாசிக்கவே கடினமான உயரத்துக்குப் போய்விடும். ஆம்பிலும் கேட்கிறது என்றால், எந்த இடத்தில் கேட்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

வெறும் தந்தியில் மட்டும் கரகரத்து, ஏதாவது ஒரு ஃபிரெட்டை அழுத்தியவுடன் நின்றுவிட்டால், நட்டில் (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் தங்கும் பட்டையில்) உள்ள பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் பரவலாகக் கரகரத்தால், கழுத்து தேவைக்கு மேல் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. 12ஆவது ஃபிரெட்டுக்கு மேல் மட்டும் கரகரத்தால், பிரிட்ஜில் (உடலின் மீது தந்திகளைத் தாங்கும் பகுதியில்) தந்தி தாழ்ந்திருக்கலாம், அல்லது கழுத்து அளவுக்கு மீறி முன்னோக்கி வளைந்திருக்கலாம். ஒரே ஒரு சுரம் மட்டும் கரகரக்கிறது என்றால், அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பி நிற்கிறது. அதைத் திருகால் சரிசெய்ய முடியாது, ஃபிரெட்டைத் தட்டி உட்காரவைப்பதோ சமன்செய்வதோ தெரிந்தவரின் வேலை.

கழுத்தின் வளைவை இப்படி அளக்கலாம். கருவியைச் சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இ தந்தியை முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) கொண்டு அழுத்தி, கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃபிரெட்டை ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது இழுபட்ட தந்தியே நேர்கோல் ஆகிவிடுகிறது. ஏழாவது அல்லது எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே சுமார் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் பெரும்பாலான கருவிகளுக்கு அது சரியான வளைவு. தந்தி ஃபிரெட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கழுத்தினுள் செல்லும், அதன் வளைவைத் திருகால் மாற்றும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். இடைவெளி மிக அதிகமாக இருந்தால் இறுக்க வேண்டும். ஒரு முறைக்குக் கால் திருப்பத்துக்கு மேல் போகக் கூடாது. திருப்பியபின் மீண்டும் சுருதி சேர்த்து, மரம் அடங்கச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாகத் திருகு இறுகி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உடைந்த டிரஸ் ராடைச் சரிசெய்யும் செலவில் சில கருவிகளைப் புதிதாகவே வாங்கிவிடலாம்.

வளைவு சரியான பிறகே பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்களின் உயரத்துக்கு வர வேண்டும். 17ஆவது ஃபிரெட்டில் தந்தியின் அடிப்பகுதிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே இ தந்தியில் ஏறத்தாழ 2.4 மி.மீ., ஜி தந்தியில் ஏறத்தாழ 2 மி.மீ. என்று தொடங்கி, உங்கள் கையின் வேகத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். தந்தியின் உயரத்தைக் குறைப்பதற்கென்றே டிரஸ் ராடைத் திருகுபவர்கள் உண்டு. வளைவு மாறினால் உயரமும் சிறிது மாறும் என்பதால் அது வேலைசெய்வதுபோலத் தோன்றும். ஆனால் அடுத்த பருவம் மாறி மரம் அசைந்ததும் கரகரப்பு வேறிடத்தில் தலைகாட்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கரகரத்தால், காரணம் முதலிலேயே சோதிக்கச் சொன்ன கைதான். இடது கை விரல் இரண்டு ஃபிரெட்டுகளின் நடுவில் அழுத்தாமல், ஒலிக்க வேண்டிய ஃபிரெட்டை ஒட்டி அதன் பின்னால் அழுத்த வேண்டும். அப்போது பாதி பலமே போதும். வலது கையில், விரல் தந்தியைக் கருவியின் உடலை நோக்கிக் கீழே தள்ளினால் தந்தி மேலும் கீழுமாக ஆடி ஃபிரெட்டுகளில் மோதும். விரல் அடுத்த தடித்த தந்தியில் சென்று ஓய்வெடுக்கும்படி குறுக்காக மீட்டினால், தந்தி ஃபிரெட்பலகைக்கு இணையாக ஆடும். ஆம்பின் ஒலியைக் கூட்டிவிட்டு மென்மையாக வாசித்துப் பாருங்கள். செட்டப்பில் குறை என்று நம்பியிருந்தவர்களில் பலருக்குத் தங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஓங்கி மீட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் புலப்படும்.

ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் அடங்கிப்போகிறது

ஜி தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரையுள்ள பகுதியில் ஏதேனும் ஒரு சுரம், மீட்டியவுடன் உயிரிழந்ததுபோல ஒடுங்கிவிடுவது திருகாணியால் கழுத்து பூட்டப்பட்ட பேஸ் கிட்டார்களில் பரவலான குறை. கழுத்தின் இயல்பான அதிர்வெண் அந்தச் சுரத்தோடு ஒத்துப்போகும்போது, தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஜி தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் உள்ள அதே சுரத்தை டி தந்தியின் பத்தாவது ஃபிரெட்டில் வாசித்துப் பாருங்கள். அங்கே நீண்டு ஒலித்தால், கோளாறு பிக்அப்பிலோ ஆம்பிலோ இல்லை என்பது உறுதி. அடுத்து, தலைப்பகுதியில் ஒரு சிறிய கிளாம்பை மாட்டிவிட்டு வாசியுங்கள். தலைப்பகுதியின் எடை கூடுவதால் கழுத்தின் அதிர்வெண் சற்று இறங்கி, ஒடுங்கும் இடம் வேறு ஃபிரெட்டுக்கோ, இரண்டு சுரங்களுக்கு இடையிலோ நகரும்.

கிராஃபைட் பட்டை பதித்த கழுத்துகளில் இந்தக் குறை குறைவு. முற்றிலும் இல்லாத மரக் கழுத்து அபூர்வம். ஒரு கருவியை வாங்கும்போதே ஜி தந்தியின் எல்லாச் சுரங்களையும் நிறுத்தி நிதானமாகக் கேட்டுவிடுவது நல்லது. எல்லாச் சுரங்களுமே மந்தமாக ஒலித்தால் அது வேறு கதை: தந்திகள் பழையனவாகி இழைகளுக்கிடையே அழுக்கும் வியர்வையும் அடைந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

மேலே போகப்போகச் சுருதி விலகுகிறது

12ஆவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் சுரத்தையும், அதே ஃபிரெட்டை அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைக் கழுத்தைவிட்டு விலகும் திசையிலும், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கியும் நகர்த்த வேண்டும். பழைய தந்தியில் இந்த வேலையைச் செய்வது வீண். புதிய தந்தி மாட்டிய பின்னும் அளவு நிலைகொள்ளவில்லை என்றால், சேடிலின் மேல் ஏறியிறங்கும் இடத்தில் தந்தி கூர்மையாக மடியாமல் வில்லாக வளைந்து நிற்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் அந்த இடத்தில் மெல்ல அழுத்தி மடக்கினால் ஒலியும் தெளியும், சுருதியும் நிற்கும்.

முதல் மூன்று ஃபிரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறி, மேலே சரியாக இருந்தால், நட்டின் பள்ளம் உயரமாக இருக்கிறது. ஐந்து தந்திக் கருவியின் பி தந்தி 30.9 ஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் சில டியூனர்கள் அதைப் பிடிக்கத் தடுமாறும். 12ஆவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கைக் கொண்டு சுருதி சேர்த்தால் முள் நிற்கும்.

முனகல், வெடிப்பொலி, திடீர் மௌனம்

ஒலி மெலிந்து, பிசிறடித்து, பிறகு மறைந்தால், உள்ளேயே பேட்டரியால் இயங்கும் மின்சுற்று கொண்ட ஆக்டிவ் வகைக் கருவியில் முதல் சந்தேகம் 9 வோல்ட் பேட்டரியின் மீது. பெரும்பாலான ஆக்டிவ் கருவிகளில் கேபிள் செருகப்பட்டிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்; வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அந்தக் குமிழின் உள்ளே தூசு. கேபிளை அசைக்கும்போது ஒலி வந்துபோனால் கேபிள் செருகும் ஜாக்கின் தொடுதகடு தளர்ந்திருக்கிறது, அல்லது கேபிளே பழுது. வேறு கேபிள் போட்டுப் பார்த்துவிட்டு ஜாக்கைத் திறங்கள்.

முனகலில் தொடுதல் சோதனை பயன்படும். தந்தியைத் தொட்டதும் முனகல் குறைந்தால், கருவியின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. உள்ளறைகளின் கவசம் போதவில்லை என்பதே பொருள். தொட்டதும் முனகல் கூடினால், எர்த் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது ஜாக்கில் கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். தொடும்போது சிறிதளவேனும் மின்னதிர்ச்சி உணர்ந்தால், அறையின் மின்னிணைப்பையும் ஆம்பையும் தகுந்தவர் பார்க்கும்வரை அந்தக் கருவியைத் தொடவே கூடாது.

ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்அப்புகளில் ஒன்றை மட்டும் குறைத்தால் முனகல் தலைதூக்குவது கோளாறு ஆகாது. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்ட அந்த இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போதுதான் முனகலை ஒன்றையொன்று ரத்துசெய்கின்றன. பிரிசிஷன் பேஸ் என்ற மற்றொரு வகையில் 1957இல் வந்த இரண்டாகப் பிளந்த பிக்அப் இந்தத் தொல்லையைத் தன்னளவிலேயே தீர்த்துவிட்டது.

குழுவோடு வாசிக்கும்போது என் ஒலி எனக்கே கேட்கவில்லை

வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் அமைப்பு, டிரம்ஸோடும் கீபோர்டோடும் சேர்ந்ததும் கரைந்துபோவதற்குக் காரணம், பேஸ் (தாழ்வொலி) குமிழை ஏற்றியும் மிட் (நடுவொலி) குமிழை இறக்கியும் வைக்கும் பழக்கம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அது அறையின் அளவோடு மோதி ஓரிடத்தில் பெருகியும் ஓரிடத்தில் மறைந்தும் கேட்கும். காது சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மேல்நிலை அதிர்வெண்களைக் கொண்டுதான். பேஸ் குமிழைக் குறைத்து, 500 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்று ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். குழுவுக்குள் அதுதான் தெளிவு. ஆம்பை அறையின் மூலையில் வைத்தால் தாழ்வொலி பெருகிக் குழம்பும். சுவரைவிட்டு விலக்கி, காதுமட்டத்துக்கு உயர்த்தினால் கால்முட்டிக்கு ஒலித்துக்கொண்டிருந்தது காதுக்கு வந்து சேரும்.

இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டி சேர்க்க நினைத்தால், இணையாக இணைக்கப்பட்ட இரண்டு 8 ஓம் பெட்டிகள் 4 ஓம் சுமையாகும் என்பதையும், ஆம்ப் அதைத் தாங்குமா என்பதையும் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மணிக்கட்டும் விரல்களும் வலிக்கின்றன

இந்த அறிகுறியை மட்டும் "பழகினால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடக் கூடாது. விரல் நுனியின் தோல் எரிவது தொடக்கத்தில் இயல்பு. மணிக்கட்டில் வலி, விரல்களில் மரத்துப்போதல், இரவில் கூச்சம் ஆகியவை அப்படியல்ல. அவை தென்பட்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலி அந்த எல்லைக்குப் போகாத நிலையில், கருவி தொங்கும் உயரத்தைப் பாருங்கள். ஸ்ட்ராப்பை நீளமாக விட்டுத் தொடைவரை இறக்கினால் இடது மணிக்கட்டு முன்னோக்கி மடிந்தே நிற்கும். அந்த மடிப்பில் விரல்களை விரிப்பதுதான் காயத்துக்கு நேர்வழி. வலது கையிலோ, கருவியின் விளிம்பில் முழங்கையை ஊன்றி மணிக்கட்டைக் கூராக மடக்கி வாசிப்பவர்களுக்கு வலி அங்கே தொடங்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது கருவி இருக்கும் அதே உயரத்தில், எழுந்து நின்றாலும் இருக்கும்படி ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். தோற்றத்துக்காக இதை மறுப்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

அடுத்து விரலிடும் முறை. வழக்கமான பேஸ் கிட்டாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. முதல் நான்கு ஃபிரெட்டுகளில் நான்கு விரல்களையும் விரித்துவைப்பது சிறிய கைக்கு வதை. டபுள் பேஸிலிருந்து வந்த ஒரு முறை இங்கே கைகொடுக்கும்: சுட்டுவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய மூன்றால் மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் மூடி, மோதிரவிரலைச் சிறுவிரலுக்குத் துணையாக வைத்து, தேவைப்படும்போது கையையே நகர்த்துவது. ஃபிரான்ஸ் சிமாண்டலின் (1840–1912) பெயரால் அறியப்படும் அந்த விரலிடும் முறையைக் கீழ்நிலைகளிலும், ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்ற முறையைச் சுமார் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலும் கையாளுவதே என் பரிந்துரை. கழுத்தின் பின்னாலிருக்கும் கட்டைவிரலை எடுத்துவிட்டு, கையின் எடையால் மட்டுமே ஒரு சுரத்தை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு குறைந்த பலம் போதும் என்பது தெரியும்.

டபுள் பேஸ்: எங்கிருந்தோ ஒரு கரகரப்பு

பேஸ் கிட்டாரில் கரகரப்பின் இடத்தை ஃபிரெட் சொல்லிவிடும். டபுள் பேஸில் உடல் முழுவதும் அதிர்வதால் ஒலி வரும் இடத்தைக் காது எளிதில் பிடிக்காது. இன்னொருவர் துணை வேண்டும். கரகரக்கும் சுரத்தை நீங்கள் விடாமல் வாசிக்க, அவர் ஒவ்வொரு பகுதியாக விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதைத் தொட்டதும் ஒலி நிற்கிறதோ அதுவே குற்றவாளி. சுருதி முறுக்கிகளின் திருகுகள், பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் சக்கரங்கள், கருவியைத் தரையில் ஊன்றும் எண்ட்பின்னின் திருகு, தந்திகளின் கீழ்முனை மாட்டப்படும் டெயில்பீஸுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உரசும் பிக்அப் கம்பி, தந்திமுனையில் சுற்றப்பட்டிருக்கும் பட்டுநூல் பிரிந்து ஆடுவது ஆகியவை வழக்கமான இடங்கள்.

இவை எவையும் இல்லையென்றால், மேல்பலகையும் பின்பலகையும் பக்கப்பலகைகளோடு ஒட்டும் விளிம்பு நெடுக விரல்கணுவால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான ஒலியும், விட்டுப்போன இடத்தில் பொக்கையான சலசலப்பும் கேட்கும். காற்று வறண்டு மரம் சுருங்கும்போது பலகை பிளந்துவிடாமல் ஒட்டு மட்டும் விட்டுக்கொடுப்பதற்காகவே, விலங்குப் பசையால் அங்கே ஒட்டுகிறார்கள். எனவே விளிம்பு விட்டுப்போவது பேரிடர் அன்று; ஆனால் அதைக் கடைப் பசையால் ஒட்டுவது பேரிடர். பின்னாளில் அந்தப் பலகையைத் திறக்க வேண்டி வந்தால், பசை இடம் கொடுக்காமல் மரம்தான் கிழியும். அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

கரகரப்பு ஃபிங்கர்போர்டின் (விரல்கள் தந்தியை அழுத்தும் பலகையின்) மீது தந்தி உரசுவதால் வருகிறது என்றால் உயரத்தை அளவிடுங்கள். விரலால் மீட்டி வாசிப்பவர்கள், ஃபிங்கர்போர்டின் முனையில் ஜி தந்தியை 5, 6 மி.மீ. அளவிலும் இ தந்தியை 8, 9 மி.மீ. அளவிலும் வைத்துக்கொள்வதுண்டு, வில் கொண்டு ஓங்கி வாசிப்பவர்களுக்கும், இழுவிசை குறைந்த குடல் தந்தி போடுபவர்களுக்கும் இதைவிட உயரம் தேவைப்படும். ஒரு முழுச் சுரம் உயர்த்திச் சுருதி சேர்ப்பதற்கென்று செய்யப்பட்ட சோலோ தந்திகளை வழக்கமான சுருதியில் போட்டால் அவை தளர்ந்து உரசும். உறையில் எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வில் போட்டால் கீச்சிடுகிறது, அல்லது சுரம் பிறக்கவே மறுக்கிறது

வில்லின் முடியில் ரோசின் (தந்தியைப் பற்றுவதற்காகத் தடவும் பிசின்) இல்லையென்றால் தந்தி வழுக்கும். மிகுந்துவிட்டால் பிசுபிசுத்து மணல் அரைபடுவதுபோல ஒலிக்கும். வயலின் ரோசின் இங்கே உதவாது. டபுள் பேஸுக்கான ரோசின் மென்மையாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்க வேண்டும். தந்தியில் படிந்த ரோசினை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஆல்கஹால் பயன்படுத்தினால், ஒரு துளிகூடக் கருவியின் வார்னிஷில் விழக் கூடாது. அது வார்னிஷைக் கரைத்துவிடும்.

ரோசின் சரியாக இருந்தும் கீச்சிட்டால், வில்லின் வேகத்துக்கு ஏற்ற எடை கையிலிருந்து இறங்கவில்லை. தடித்த தந்திக்கு மெதுவான வில்லும் கூடுதல் எடையும் வேண்டும். தோளிலிருந்து கை தொங்கும் எடையை இறக்க வேண்டுமே தவிர, மணிக்கட்டால் அமுக்கக் கூடாது. வில்லைப் பிடிப்பது பிரெஞ்சுப் பிடியானாலும் ஜெர்மன் பிடியானாலும் இது மாறாது. கண்ணாடியின் முன் நின்று, வில் பிரிட்ஜுக்கு இணையாகச் செல்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து சென்றால் தொடும் இடம் நழுவி, வில்லின் நடுவில் நன்றாக இருந்த ஒலி நுனியில் சீழ்க்கையாகும். இடது விரல் தந்தியை அரைகுறையாக அழுத்தினாலும் அதே சீழ்க்கைதான், அப்போது வில்லின் மீது பழிபோட்டுப் பயனில்லை.

ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ஒலி விட்டுவிட்டு உறுமினால், அது ஓநாய்ச் சுரம் எனப்படும் குறை: உடலின் அதிர்வெண் அந்தச் சுரத்தோடு மோதுகிறது. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் இடையே தந்தியில் மாட்டும் சிறு உலோக உருளையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, உறுமல் தணியும் இடத்தைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும்.

தந்தி மாற்றிய பின் கருவி வேறுவிதமாக ஒலிக்கிறது

டபுள் பேஸின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. சுருதி ஏற்ற ஏற்ற, தந்தி பிரிட்ஜின் தலையை ஃபிங்கர்போர்டு பக்கமாக இழுக்கும். டெயில்பீஸைப் பார்த்த அதன் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, இரு கைகளாலும் தலையைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுங்கள். பள்ளங்களில் பென்சில் கரியைத் தடவினால் அடுத்த முறை தந்தி வழுக்கிச் செல்லும். தந்திகளை எப்போதும் ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும்.

நான்கையும் ஒருசேரத் தளர்த்தினால், பிரிட்ஜின் ஜி தந்திப் பக்கக் காலுக்குப் பின்னே, மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே பிடிப்பின்றி நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடக்கூடும். உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்டால், சுருதி ஏற்ற முயலாதீர்கள். தாங்கல் இல்லாத மேல்பலகை தந்திகளின் அழுத்தத்தில் விரிசல் விடும். தந்திகளைத் தளர்ந்த நிலையிலேயே விட்டு, கருவியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, போஸ்ட்டை நிறுத்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பிக்அப் மாட்டியதும் ஒலி மெலிகிறது, அல்லது ஊளையிடுகிறது

பிரிட்ஜில் செருகும், மரத்தின் அதிர்வை மின்சைகையாக்கும் பீசோ பிக்அப்பை மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் நேராகக் கொடுத்தால் தாழ்வொலி பெருமளவு காணாமல் போய், தகரத்தைத் தட்டியதுபோன்ற ஒலியே மிஞ்சும். பீசோவுக்குக் குறைந்தது 1 மெகா ஓம், முடிந்தால் அதற்கும் பல மடங்கு உயர்ந்த உள்ளீட்டுத் தடை உள்ள ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன் சைகையை வலுவாக்கும் பெட்டி) வேண்டும். காந்தப் பிக்அப்பை வைத்துப் பழகியவர்கள் இந்த ஒரு பெட்டியைத் தவிர்த்துவிட்டு ஆம்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஊளையிடுவது, ஸ்பீக்கரின் ஒலி மரப்பெட்டியை மீண்டும் அதிரவைப்பதால். ஸ்பீக்கருக்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ப்ரீஆம்பில் (ஒலியலையைத் தலைகீழாக்கும்) ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் மாற்றிப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ் அருகே, அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை இயக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் குறுகிய நாட்ச் ஃபில்டரால் வெட்டுங்கள். மொத்த பேஸ் குமிழையும் இறக்குவது கடைசி வழி, ஏனென்றால் அதோடு டபுள் பேஸ் என்ற அடையாளமும் போய்விடும்.